லெந்து வகுப்பில் ஏசாயா 53: எடுக்கப்போகிறவர்களுக்கு

பாஸ்டருக்கு மூன்று ஊர் சபை இருக்கும். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் வந்துவிட்டால் வீட்டுக்கூட்டம், உபவாச ஜெபம் என்று மனிதர் பைக்கிலேயே குடியிருப்பார். அந்த நேரத்தில்தான் "நீங்க படிச்சவங்க, இந்த வாரம் ஏசாயா அம்பத்திமூணை எடுத்துடுங்க" என்று உங்கள் தலையில் ஒரு வகுப்பு விழும். பழைய ஏற்பாட்டில் ஏசாயா தீர்க்கதரிசியின் புஸ்தகத்தில், அடிபட்டுப் பாடுபடும் கடவுளின் 'தாசன்' ஒருவரைப் பற்றிய கவிதை அது. அப்படி விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவில் ஒரு கிராமம், லூத்தரன் சபை. 1895-இல் அமெரிக்காவிலிருந்து வந்த மிசூரி லூத்தரன் மிஷனரிகள் முதலில் வேலையைத் தொடங்கியதே கிருஷ்ணகிரியில்தான். அதனால் இந்தப் பக்கம் இந்த அதிகாரம் மனப்பாடமாகத் தெரிந்த பாட்டி தெருவுக்கு ஒருவராவது இருப்பார். வகுப்பெடுப்பவருக்கு அதுவே பெரிய தொல்லை. நீங்கள் முதல் வரியை வாசித்ததும் அவர்கள் "தழும்புகளால் குணமாகிறோம்" என்று முடித்துவைத்து ஆமென் சொல்லிவிடுவார்கள். நடுவில் இருப்பதை யார் பார்ப்பது?

ஆகவே என் முதல் யோசனை கொஞ்சம் விபரீதமாகப் படும். இயேசுவின் பெயரை முதல் நாளே சொல்லிவிடாதீர்கள். அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து இதே பகுதியை வாசித்துக்கொண்டு வருகிறார். தீர்க்கதரிசி யாரைக் குறித்துச் சொல்கிறார், தன்னைக் குறித்தா, வேறொருவரைக் குறித்தா என்று, வழியில் வந்து சேர்ந்த சுவிசேஷகர் பிலிப்புவிடம் கேட்கிறார். அந்த மந்திரி அளவுக்காவது நம் வகுப்பும் கேட்கட்டும். கேள்வி கேட்காதவனிடம் பதிலைக் கொண்டுபோய்க் கொட்டினால் அது நிற்காது. முப்பது வருஷம் வகுப்பறையில் நின்றவள் சொல்கிறேன்.

தாளைத் தயார் பண்ணுங்கள்

முதல் நாள் பைபிளைத் திறக்க வேண்டாம். ஏசாயா 52:13 முதல் 53:12 வரை உள்ள 15 வசனத்தையும் போனில் தட்டி, வசன எண்களை எடுத்துவிட்டு, பெரிய எழுத்தில் ஒரே தாளில் வருமாறு செய்யுங்கள். கண்ணாடியை மறந்து வருபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், எழுத்து கொட்டைக் கொட்டையாக இருக்கட்டும். மும்மூன்று வசனத்துக்கு ஒருமுறை இரண்டு விரல் இடம் விடுங்கள். ஐந்து பத்தி வரும். எபிரெயக் கவிதையாகப் படிப்பவர்கள் பலரும் இதை இப்படித்தான் பிரிக்கிறார்கள். தாசன் உயர்த்தப்படுவார் என்று முதல் பத்தி சொல்லும், கடைசிப் பத்தியும் அவரை உயர்த்தியே முடியும். நடுவிலுள்ள மூன்று பத்தியும் பள்ளம்.

ஏன் 52:13-இல் தொடங்க வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். அதிகார எண்கள் ஏசாயா போட்டவை இல்லை. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிற்பாடு கேண்டர்பரியின் பேராயரான ஸ்டீபன் லாங்டன் பெயரில் வழங்கும் பிரிவு அது. இந்த இடத்தில் கத்தி தவறான எலும்பில் விழுந்திருக்கிறது. "இதோ, என் தாசன்" என்று கடவுள் ஆளை அறிமுகப்படுத்தும் மூன்று வசனம் முந்தின அதிகாரத்தின் வாலில் மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு 53:1-இல் ஆரம்பித்தால், யாரைப் பற்றிய பேச்சு என்றே தெரியாமல் பாதியில் நுழைந்தமாதிரி இருக்கும்.

எலத்தகிரி பக்கமிருந்து கத்தோலிக்க உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்தால் அவர்கள் பைபிளில் 'எசாயா' என்றிருக்கும், சொற்களும் வேறாக இருக்கும். தாள் ஒன்றே என்றால் அந்தக் குழப்பம் இல்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் இருந்தால் கடைசியில் ஒருமுறை தெலுங்கு பைபிளிலும் வாசிக்கச் சொல்லுங்கள். அவ்வளவு போதும், வகுப்பை மொழிபெயர்ப்பு மாநாடாக்க வேண்டாம்.

ஆளுக்கு இரண்டு கலர் ஸ்கெட்ச் பேனா. சிவப்பு, நீலம். மூன்றாவதாக ஒரு பச்சை உங்கள் கையில் இருக்கட்டும்.

யார் பேசுவது?

நம் ஜில்லாவில் பாரதக் கூத்து பார்க்காமல் வளர்ந்தவர் குறைவு. திரைக்குப் பின்னால் வேஷம் வந்து நின்றதும் கட்டியக்காரன் விசாரிப்பான். வந்தவர் தன் பேர், ஊர், பெருமை எல்லாம் சொன்ன பிறகுதான் ஆட்டம். ஏசாயாவில் கட்டியக்காரன் கிடையாது. ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார், அறிவிப்பில்லாமல் குரல் மாறிவிடும். வகுப்பில் கட்டியக்காரன் வேலையை நாம்தான் பார்க்க வேண்டும்.

கடவுள் பேசும் வரிகளுக்குச் சிவப்பில் கோடு போடச் சொல்லுங்கள். 'என் தாசன்' என்று வரும் முதல் பத்தி முழுக்கச் சிவப்பு. பிறகு சிவப்பு காணாமல் போய், கடைசிப் பத்தியில் "என் தாசனாகிய நீதிபரர்" என்ற இடத்தில்தான் திரும்பி வரும். 'நாம்', 'நம்முடைய', 'எங்கள்' என்று பேசும் வரிகளுக்கு நீலம். இரண்டாம் மூன்றாம் பத்தி முழுக்க நீலம். நான்காம் பத்தியில் "என் ஜனத்தின் மீறுதலினிமித்தம்" என்று வரும். அங்கே பாதிப் பேர் சிவப்பு போடுவார்கள், பாதிப் பேர் நீலம். சண்டை வரட்டும், தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இப்போது பச்சைப் பேனாவை எடுத்து, "தாசன் பேசுகிற வரிக்குப் பச்சை, எங்கே போடலாம்?" என்று கேளுங்கள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஒரு வரிகூட இருக்காது. 15 வசனமும் அவரைப் பற்றியே, அவர் வாயிலிருந்து ஒரு சொல் கிடையாது. 'அவர் தம்முடைய வாயைத் திறவாதிருந்தார்' என்று கவிதை சொல்வதோடு நிற்கவில்லை, தன் அமைப்பிலேயே அவரைப் பேசாமல் வைத்திருக்கிறது. பாட்டிகள்கூட இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

அடுத்து, அந்த 'நாம்' யார்? இங்கேதான் எல்லா விவாதத்தின் ஆணிவேரும் இருக்கிறது, நேரம் கொடுங்கள். 52:15-இல் ராஜாக்கள் அவரைக் கண்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். உடனே அடுத்த வரி, "எங்கள் மூலமாய்க் கேள்விப்பட்டதை விசுவாசித்தவன் யார்?" வாயை மூடிய அந்த ராஜாக்கள்தான் இப்போது வாய் திறக்கிறார்கள் என்று எடுத்தால், 'நாம்' என்பது புறஜாதிகள், அதாவது யூதரல்லாத ஜனங்கள், அடிபட்ட தாசன் இஸ்ரவேல் ஜனம். தீர்க்கதரிசியும் அவருடைய ஜனமும் பேசுவதாக எடுத்தால், தாசன் அந்த ஜனத்துக்காகப் பாடுபட்ட வேறொருவர். இரண்டையும் போர்டில் எழுதிப் போட்டுவிட்டு முதல் நாளை முடித்துவிடுங்கள். "அப்ப எது சரி டீச்சர்?" என்று வாசல்வரை வந்து கேட்பார்கள். அடுத்த வாரம் என்று சொல்லுங்கள்.

பாபிலோனைச் சொல்லாமல் தாசனைச் சொல்ல முடியாது

இரண்டாம் நாள் சரித்திரம். நீட்ட வேண்டாம், பத்து நிமிஷம் போதும். நேபுகாத்நேச்சார் எருசலேமை இடித்து ஆலயத்தைக் கொளுத்தியது கி.மு. 587 அல்லது 586. ஜனங்களைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள். பெர்சிய ராஜா கோரேசு பாபிலோனைப் பிடித்தது 539. ஏசாயா 40 முதல் 55 வரை உள்ள பகுதி பேசுவது இந்தச் சிறையிருப்பில் கிடந்த ஜனத்தோடு. 8-ஆம் நூற்றாண்டு ஏசாயாவே முன்கூட்டி எழுதினார் என்பவர்களும் உண்டு, சிறையிருப்பில் வாழ்ந்த வேறொரு தீர்க்கதரிசி எழுதினார் என்பவர்களும் உண்டு. வேதாகம அறிஞர்களில் பெரும்பாலோர் இரண்டாவது பக்கம். வகுப்பில் இதற்குக் கொடி பிடிக்காதீர்கள். எழுதியவர் யாராக இருந்தாலும், கேட்டவர்கள் ஊரும் கோவிலும் ராஜாவும் போன மக்கள். அது தெரிந்தால் போதும்.

பிறகு பைபிளைத் திறந்து தாசன் வரும் இடங்களை வாசிக்க விடுங்கள். 42:1-4, 49:1-6, 50:4-9, பிறகு நம் பகுதி. இந்த நான்கையும் 'தாசன் பாடல்கள்' என்று தனியே பிரித்துக் காட்டியவர் பெர்ன்ஹார்ட் டூம் என்ற ஜெர்மானிய அறிஞர், 1892-இல். அவற்றோடு 41:8-ஐயும் 44:1-ஐயும் கட்டாயம் வாசியுங்கள். அங்கே தாசன் யார் என்று பச்சையாகச் சொல்லியிருக்கிறது: இஸ்ரவேல், யாக்கோபு. 49:3-இலும் அப்படியே, "நீ என் தாசன், இஸ்ரவேலே". ஆனால் இரண்டு வசனம் தாண்டினால் அதே தாசனுக்கு யாக்கோபைத் திருப்பிக் கொண்டுவரும் வேலை கொடுக்கப்படுகிறது, புறஜாதிகளுக்கு ஒளியாக வைக்கப்படுகிறார். இஸ்ரவேலே இஸ்ரவேலை எப்படித் திருப்பும்? இன்னொரு பக்கம் 42:19-இல் தாசன் குருடன் என்று திட்டு வாங்குகிறான்.

இதை மறைக்காதீர்கள். சில பிரசங்கியார்கள் 49:3-ஐத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வரும் பையன்கள் கையில் போன் இருக்கிறது. நீங்கள் தாண்டிய வசனத்தை அவன் கம்பெனி பஸ்ஸிலேயே படித்துவிட்டு வந்திருப்பான்.

இன்னொன்றையும் அன்றே சொல்லிவிடலாம். இந்த 15 வசனத்தில் மேசியா (கிரேக்கத்தில் கிறிஸ்து, தமிழில் அபிஷேகம்பண்ணப்பட்டவர்) என்ற பட்டம் வரவில்லை. தாவீதும் வரவில்லை, சிங்காசனமும் வரவில்லை. 40 முதல் 55 வரைக்குள் 'அபிஷேகம்பண்ணப்பட்டவர்' என்று பேர் சொல்லிக் குறிக்கப்படும் ஒரே ஆள், 45:1-இல், கோரேசு. அந்நிய ராஜா! வரப்போகும் தாவீதின் குமாரன் என்ற எதிர்பார்ப்பு 2 சாமுவேல் 7, ஏசாயா 9, 11, மீகா 5, சகரியா 9 என்று வேறொரு வாய்க்காலில் ஓடுகிறது. ஜெயிக்கிற ராஜாவும் அடிபடுகிற தாசனும் ஒரே ஆள் என்று இயேசுவின் காலத்து ஆட்கள் காத்துக்கொண்டிருந்ததாக நினைக்காதீர்கள். மாற்கு 8-ஐப் பாருங்கள். நீர் கிறிஸ்து என்று அறிக்கையிட்ட அதே பேதுரு, பாடுபட வேண்டும் என்று இயேசு சொன்னதும் அவரையே தனியே கூட்டிக்கொண்டுபோய்க் கடிந்துகொள்கிறார். எல்லாருக்கும் முன்பே தெரிந்த விஷயமென்றால் பேதுரு எதற்குப் பதற வேண்டும்?

மூன்றாம் பத்தியில் நின்றுவிடுங்கள்

உங்களுக்கு ஒரே ஒரு மாலைதான் கிடைக்கிறது என்றால் மேலே சொன்னதையெல்லாம் சுருக்கிவிட்டு 53:4-6-க்கு வந்துவிடுங்கள். நாற்பது நிமிஷமாவது இங்கே உட்காருங்கள்.

"மெய்யாகவே அவர் நம்முடைய பாடுகளை ஏற்றுக்கொண்டு, நம்முடைய துக்கங்களைச் சுமந்தார், நாமோ, அவர் தேவனால் அடிபட்டு வாதிக்கப்பட்டு, சிறுமைப்பட்டவரென்று எண்ணினோம்." பின்பாதியை இரண்டு முறை வாசிக்கச் சொல்லுங்கள். கஷ்டப்படுகிறவனைப் பார்த்து ஊர் என்ன சொல்லும் என்று கேளுங்கள். பதில் உடனே வரும். "செஞ்ச பாவம் அனுபவிக்கிறான்", "அவங்கப்பன் வாங்கின சாபம்", "கடவுள் சும்மாவா அடிப்பாரு". இந்துக்கள் போன ஜென்மம் என்பார்கள், நம் ஆட்கள் மறைவான பாவம் என்பார்கள். வார்த்தைதான் வேறு. இந்த 'நாம்' அப்படிப் பேசிக்கொண்டிருந்த கூட்டம்தான். இந்தக் கவிதை அவர்கள் தங்கள் பேச்சைத் திரும்பப் பெறும் வாக்குமூலம். அவனுக்கு வந்தது அவனுடையது இல்லை, எங்களுடையது என்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு பெண். அவள் பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. இந்த வசனத்தை வாசித்ததும், "டீச்சர், அந்த 'நாமோ'க்குள்ள எங்க மாமியாரும் இருக்காங்க" என்றாள். சிரிப்பு வந்தது எல்லாருக்கும், ஆனால் மாமியார் அடுத்த பாயில்தான் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஊரே சொல்லுச்சு, நானும் சொன்னேன்" என்றார். "நாமெல்லாரும் ஆடுகளைப்போல வழிதப்பித் திரிந்து" என்ற 6-ஆம் வசனத்துக்கு இதைவிடச் சுருக்கமான விரிவுரை நான் கேட்டதில்லை. ஆடு ஏன் வழி தப்புகிறது? முன்னால் போகிற ஆடு போனதால். அன்றைக்கு நான் தயாரித்து வைத்திருந்த குறிப்பில் பாதியை மடித்து வைத்துவிட்டேன்.

7-ஆம் வசனத்துக்கு வகுப்பில் ஆடு வளர்ப்பவர் யாராவது இருந்தால் அவரைப் பேச விடுங்கள். போச்சம்பள்ளி சந்தைக்கு ஆடு ஓட்டிப்போகும் பெரியவர் ஒருவர் எங்கள் சபையில் உண்டு. "வெள்ளாட்டைப் பிடிச்சா ஊரைக் கூட்டும். செம்மறியைக் காலைக் கட்டிப் படுக்கப் போட்டு மயிர் கத்தரிச்சா, கண்ணைத் திறந்துக்கிட்டுச் சும்மா கெடக்கும்" என்றார். அந்தக் கண்ணைத் திறந்துகொண்டு என்பது என் குறிப்பில் இல்லாதது. அதே நேரத்தில் எரேமியா 11:19-ஐயும் வாசியுங்கள். எரேமியாவும் தன்னை அடிக்கக் கொண்டுபோகும் ஆட்டுக்குட்டி என்கிறார். தாசன் என்பது எரேமியாதான் என்று 10-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் சாதியா காவோன் சொல்லியிருக்கிறார்.

10-ஆம் வசனத்தில் வரும் குற்றநிவாரணபலிக்கு லேவியராகமம் 5-ஐ ஒரு நிமிஷம் காட்டினால் போதும். அந்தப் பலியோடு, கெடுத்த பொருளுக்கு ஈடும், அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கும் கட்ட வேண்டும். கணக்குத் தீர்க்கும் பலி அது. மற்ற விளக்கமெல்லாம் பாஸ்டருக்கு விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை இங்கே. இந்தப் பத்திகளைக் காட்டி, குடித்துவிட்டு வந்து அடிக்கும் புருஷனிடம் வாயைத் திறக்காமல் இரு என்று பெண்களுக்குப் புத்தி சொல்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வகுப்பில் அது நடக்கக் கூடாது. இங்கே பேசாமலிருக்கும் தாசன்தான் 50-ஆம் அதிகாரத்தில் அடிக்கிறவர்களுக்கு முதுகைக் கொடுத்த கையோடு, "என்னோடே வழக்காடுகிறவன் யார்?" என்று நியாயஸ்தலத்துக்குக் கூப்பிடுகிறார். 53:8-ம் அவருக்கு நடந்ததை நியாயம் என்று சொல்லவில்லை. தாசனின் மௌனம் தாசனுடையது, அடுத்தவர் வாயில் திணிப்பதற்கு அல்ல. அடி வாங்கும் பெண் வகுப்பில் இருப்பது தெரிந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைப் போர்டில் எழுதிப் போடுங்கள். யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது இயேசுவின் பெயர்

மூன்றாம் நாள். புதிய ஏற்பாடு இந்த அதிகாரத்தை எங்கெங்கே எடுக்கிறது என்று ஆளுக்கு ஒரு இடம் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். எல்லாரும் சிலுவை என்று நினைத்துக்கொண்டு போவார்கள். மத்தேயு 8:17-ஐ எடுத்தவர் ஆச்சரியத்தோடு வருவார். மத்தேயு 53:4-ஐச் சொல்வது பேதுருவின் மாமி காய்ச்சல் நீங்கி எழுந்த அந்த நாளில், நோயாளிகளைக் குணமாக்கிய சாயங்காலத்தில். யோவான் 12:38-ம் ரோமர் 10:16-ம் 53:1-ஐ எடுப்பது, ஜனங்கள் நம்பவில்லையே என்ற ஆதங்கத்துக்கு. ரோமர் 15:21-இல் பவுல் 52:15-ஐத் தன் ஊழியப் பயணத்துக்கே வைத்துக்கொள்கிறார். லூக்கா 22:37-இல், கைதாகப் போகும் இரவில், அக்கிரமக்காரரில் ஒருவராக எண்ணப்பட்டார் என்ற வரியை இயேசுவே தம்மைப் பற்றிச் சொல்கிறார். 1 பேதுரு 2-இல் தழும்பும் வழிதப்பின ஆடும் முழுசாக வருகின்றன, அங்கே கேட்பவர்கள் வேலைக்கார அடிமைகள்.

ஒரு நோட்டில் பொருத்துக பயிற்சி மாதிரி, தீர்க்கதரிசனம் இடப்பக்கம், நிறைவேறுதல் வலப்பக்கம் என்று அவர்கள் எழுதவில்லை. உயிர்த்தெழுந்தவரைப் பார்த்த பிறகு பழைய சுருளைத் திரும்ப விரித்து, அங்கே ஏற்கெனவே இருந்த ஆளை அடையாளம் கண்டார்கள். உயிர்த்தெழுந்த இயேசு இரண்டு சீஷரோடு நடந்து வேதத்தை விளக்கிய எம்மாவு ரோட்டில் நடந்தது அதுதான். என் விசுவாசமும் அதுதான், அதை வகுப்பில் ஒளிக்க மாட்டேன். முதல் இரண்டு வாரம் இஸ்ரவேலின் துயரத்தை இறக்கிவைக்காமல் சுமந்து வந்தவர்களுக்கு, அந்த ஜனத்தின் வேலையை ஒருவர் தம் தோளில் எடுத்துக்கொண்டார் என்று இப்போது சொன்னால் எடை தெரியும். முதல் நாளே சொல்லியிருந்தால் வழக்கமான ஆமெனோடு போயிருக்கும்.

வாட்ஸ்ஆப்பில் வந்ததைக் கேட்பார்கள்

கேட்காமல் விடமாட்டார்கள், தயாராக இருங்கள்.

முதலாவது, "யூதர்கள் இந்த அதிகாரத்தை பைபிளிலிருந்தே எடுத்துட்டாங்களாமே?" இல்லை. எல்லா எபிரெய பைபிளிலும் இருக்கிறது. ஜெப ஆலயத்தில் வாராவாரம் தீர்க்கதரிசிகளிலிருந்து வாசிக்கும் பகுதிகளின் வரிசையில் இது வராது என்பது உண்மை. ஒரு வாரம் 52:12-இல் முடியும், அடுத்த வாரம் 54:1-இல் தொடங்கும். ஆனால் அந்த வரிசையில் தீர்க்கதரிசிகளின் புஸ்தகங்களில் பெரும்பகுதியே வராது. ஏன் விட்டார்கள் என்று கற்பனை பண்ணி அவர்கள் மேல் பழி போடாதீர்கள்.

இரண்டாவது, "கிறிஸ்தவங்க பின்னால எழுதிச் சேர்த்ததுன்னு ஒரு வீடியோல சொன்னாங்க." இதற்குப் பதில் சுலபம். 1947-இல் சாக்கடல் ஓரம் கும்ரான் குகையில் ஆடு மேய்ப்பவர்கள் கையில் கிடைத்த ஏசாயா சுருள், ஏழு மீட்டருக்கு மேல் நீளம், 66 அதிகாரமும் உண்டு. இயேசு பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே எழுதியது. எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். அதில் நம் பகுதி இருக்கிறது. எழுத்துக்கூட்டில் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு, 11-ஆம் வசனத்தில் 'ஒளி' என்று ஒரு சொல் கூடுதலாக உண்டு, மற்றபடி நாம் வாசிப்பதுதான்.

மூன்றாவது கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியது. "யூதர்கள் தாசன் இஸ்ரவேல்தான்னு சொல்றது, நம்மை மறுக்கறதுக்குப் பின்னால கண்டுபிடிச்சதுதானே?" பிரான்சின் திருவா நகரத்து யூத உரையாசிரியர் ராஷி (1040–1105) எழுதிய உரையால் இந்த விளக்கம் பரவியது சரி. ஆனால் மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர், தன்னோடு வாதித்த யூதர்கள் இது சிதறடிக்கப்பட்ட முழு ஜனத்தைப் பற்றியது என்று சொன்னதாகப் பதிவுசெய்திருக்கிறார். மறுபக்கம், பழைய அராமேய விளக்கமான தர்கூம் 52:13-இல் "என் தாசனாகிய மேசியா" என்றே சொல்கிறது, ஆனால் அடியையும் அவமானத்தையும் அவர் மேல் வைக்காமல் ஜாதிகள் பக்கமும் ஜனத்தின் பக்கமும் தள்ளிவிடுகிறது. யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூதில் ஒரு இடம் 53:4-ஐ மேசியாவுக்குச் சொல்கிறது, இன்னொரு இடம் 53:12-ஐ மோசேக்குச் சொல்கிறது. அவர்களுக்குள்ளேயே பல குரல். ராஷியின் காலத்தில், 1096-இல், சிலுவைப் போருக்குக் கிளம்பிய கூட்டம் ரைன் நதிக்கரை ஊர்களில் யூதர்களை வெட்டிச் சாய்த்தது. சிலுவையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் கையில் செத்த ஜனம், ஆட்டுக்குட்டியைப்போல் கொண்டுபோகப்பட்டது யார் என்று வாசிக்கும்போது என்ன நினைக்கும்? இதைச் சொல்லும்போது வகுப்பு சத்தமில்லாமல் கேட்கும். சொல்லியே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

இயேசுவைப் பற்றி முந்நூறு தீர்க்கதரிசனம், அத்தனையும் ஒருவருக்கே தற்செயலாகப் பொருந்த இத்தனை கோடியில் ஒரு வாய்ப்பு என்று கணக்குப் போட்ட படம் ஒன்றும் சுற்றிக்கொண்டிருக்கும். அதை வகுப்புக்குள் விடாதீர்கள். ஏசாயா 7, மீகா 5 எல்லாம் கிறிஸ்துமஸ் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய வெள்ளிக்கும் அதற்குப் பிறகும்

பெரிய வெள்ளி ஆராதனையில் நிறைய சபைகளில் பழைய ஏற்பாட்டுப் பாடம் இந்தப் பகுதிதான். பாஸ்டரிடம் கேட்டு மூன்று பேரை வாசிக்க வையுங்கள். சிவப்பு வரிகளை ஒரு பெரியவர், பீடத்துப் பக்கம் நின்று. நீல வரிகளைச் சபை நடுவிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. மைக் ஒன்றுதான் என்றால் அதைப் பெரியவருக்குக் கொடுத்துவிட்டு நீல வரிக்காரர்கள் சொந்தக் குரலில் வாசிக்கட்டும், ஜனங்களுக்குள்ளிருந்து வரும் குரல் அப்படியே இருந்தால்தான் சரி. வியாழக்கிழமை ஒருமுறை ஒத்திகை பாருங்கள். வாசிப்பவர்கள் அழ வேண்டாம், நிறுத்தி வாசித்தால் போதும்.

ஈஸ்டருக்குப் பிறகு வகுப்பு தொடர்ந்தால் 54-க்குப் போங்கள். ஏசாயாவில் இதற்குமேல் தாசன் என்று ஒருமையில் வருவதில்லை, 54:17-இலிருந்து ஊழியக்காரர் என்று பன்மைதான். அந்த ஒருவர் சுமந்ததிலிருந்து ஒரு கூட்டம் பிறந்துவிட்டது என்று காட்ட வசதியான இடம். ஆனால் அந்த அதிகாரத்தின் முதல் வரி பிள்ளை பெறாத மலடியைப் பாடச் சொல்கிறது. அந்தச் சொல்லால் அழைக்கப்பட்டு நொந்தவர் உங்கள் பாயில் உட்கார்ந்திருக்கலாம். அப்படி யாராவது இருந்தால் முந்தின நாளே வீட்டுக்குப் போய், நாளைக்கு இந்தப் பகுதியை எடுக்கட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் 55-க்குத் தாண்டிவிடுங்கள்.